குதிரை ஏறி வந்த வெள்ளிக்கிழமை நாயகன்

கம்பம் பள்ளத்தாக்கின் டூரிங் டாக்கீஸ்களில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு ஜெய்சங்கரை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். படம் வருவதற்கும் சிவாஜி படம் வருவதற்கும் ஜனங்கள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். ஜெய்சங்கர் படமோ ஒன்று போனால் அடுத்தது வாசலில் வந்து நிற்கும். அதனால்தான் அவருக்கு வெள்ளிக்கிழமை நாயகன் என்றே பெயர் விழுந்தது.

அந்த நாயகன் தலையில் தொப்பி வைத்து, இடுப்பில் துப்பாக்கி செருகி, குதிரை ஏறி வந்தது ஒரு கதை. திரையில் பழிக்குப் பழி வாங்கிய அவர், சொந்த வாழ்வில் பழி வாங்கக் காரணம் இருந்தபோது என்ன செய்தார் என்பது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் புரிவார்.

சட்டத்தை விட்டு மேடைக்கு

1938-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி பிறந்தவர் ஜெய்சங்கர். இயற்பெயர் சங்கர். தந்தை நீதித்துறையில் பணியாற்றியவர். மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப் பள்ளியில் படித்து, நியூ காலேஜில் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் மனம் சட்டப் புத்தகத்தில் ஒட்டவில்லை. நாடக மேடையைச் சுற்றியே வட்டமிட்டது. சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் முதலிய குழுக்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. படிப்பைப் பாதியில் விட்டார்.

சினிமாவுக்கு முயன்றபோது அவருடைய சிறிய கண்களைக் காட்டிக் கேலி பேசியவர்கள் உண்டு. கதாநாயகன் என்றால் கண்ணாலேயே காதல் பேச வேண்டிய காலம் அது! டைரக்டர் ஜோசப் தளியத் அதைப் பொருட்படுத்தாமல் 'இரவும் பகலும்' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கினார். சங்கர், ஜெய்சங்கர் ஆனார்.

படம் வெளிவந்த நாள் 1965 பொங்கல். அதே நாளில் எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் சிவாஜியின் 'பழனி'யும் வெளியாயின. இரண்டு யானைகளுக்கு நடுவே புது முகம் ஒன்று நுழைந்து, மிதிபடாமல் வெளியே வந்தது என்றால் அது சிறிய காரியமல்ல.

சேலத்தில் கிடைத்த துப்பாக்கி

அடுத்த ஆண்டே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'வல்லவன் ஒருவன்' எடுத்தார்கள். துப்பறியும் வீரனாகக் கோட்டும் சூட்டும் அணிந்து ஜெய்சங்கர் துப்பாக்கி தூக்கினார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகெங்கும் ஓடிக் கொண்டிருந்த சமயம். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் அவரிடம் வந்து ஒட்டிக் கொண்டது. 1970-ல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' அதை உறுதி செய்தது.

கர்ணனின் காமிரா

இதற்கிடையே மேல்நாட்டில் வேறொரு காற்று வீசியது. இத்தாலிய டைரக்டர் செர்ஜியோ லியோனி, ஸ்பெயின் நாட்டு வறண்ட நிலத்தில் குறைந்த செலவில் குதிரை வீரர் கதைகளை எடுத்தார். அவருடைய முதல் குதிரைப் படம் 1964-ல் வந்தது. 1969-ல் வெளியான 'மெக்கன்னாஸ் கோல்ட்' என்ற அமெரிக்கப் படமோ இந்தியாவில் கூட்டத்தை அள்ளிக் குவித்தது.

இந்தக் காற்றைத் தமிழ் மண்ணுக்குத் திருப்பியவர் ஒளிப்பதிவாளர் கர்ணன். 'கற்பகம்' போன்ற குடும்பப் படங்களைப் படம் பிடித்த கை, குதிரையின் காலடிக்குத் தாவியது. 1970-ல் 'காலம் வெல்லும்', 1972-ல் 'கங்கா', அதே ஆண்டில் 'ஜக்கம்மா' என்று அவர் படங்களை இயக்கினார். மூன்றிலும் நாயகன் ஜெய்சங்கர்தான்.

'கங்கா' முழுக்க முழுக்கப் பழி தீர்க்கும் கதை. தந்தையைக் கொன்றவர்களைத் தேடி மகன் புறப்படுகிறான். அவ்வளவுதான் கதை! பெரிய மாளிகையோ, ஆடம்பர செட்டோ கிடையாது. பாறையும் பொட்டல் வெளியும் புழுதியுமே அரங்கம். பணம் குறைந்த இடத்தைக் கர்ணனின் காமிரா வேகத்தால் நிரப்பியது.

தரை டிக்கெட்டின் தீர்ப்பு

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் அப்போது மதுரை மாவட்டத்து ஊர்கள். மேற்கே மலை, கீழே பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், மலைமேலே ஏலத்தோட்டம். இங்கே உழைத்துக் களைத்தவன் இரவு ஆட்டத்துக்கு வந்து உட்காரும்போது, அவன் தீர்ப்பு கறாராகத்தான் இருக்கும்.

இத்தகைய படங்களைப் பற்றி இரண்டு கட்சிகள் எழுந்தன. தமிழ்நாட்டில் எவன் இப்படித் தொப்பி போட்டுக் குதிரையில் போகிறான் என்று கேட்டது ஒரு கட்சி. முதல் ரீலிலேயே முடிவு தெரிந்து விடுகிறது, சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே ஒரு நடனத்தைச் செருகி விடுகிறார்கள் என்பதும் அவர்களுடைய குறை. அந்தக் குறைகளில் நியாயம் இருந்தது.

மறு கட்சி வேறு விதமாகப் பார்த்தது. வரப்புத் தகராறையும் வாய்க்கால் தகராறையும் கண்டவனுக்கு, அப்பனுக்கு இழைத்த தீங்கை மகன் மறக்க மாட்டான் என்பது அந்நியக் கதையல்ல. தொப்பி வேண்டுமானால் இரவலாக இருக்கலாம். நெஞ்சிலே எரிகிற நெருப்பு நம்முடையது. ஜக்கம்மா என்ற பெயரோ, ராஜகம்பளத்தார் வாழும் இப்பகுதி ஊர்களில் கையெடுத்துக் கும்பிடும் தெய்வத்தின் பெயர். குதிரைப் படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது, இரவல் சரக்கு பாதி சொந்தச் சரக்காகி விட்டது!

இரு கட்சியும் ஒத்துக் கொண்ட விஷயம் ஒன்று உண்டு. ஜெய்சங்கர் திரைக்கு வந்தால் அலுப்புத் தட்டாது. கொடுத்த காசுக்கு வஞ்சனை செய்யாத நடிகர் என்ற பெயரை அவர் சம்பாதித்தார்.

வராத பணமும் வாங்காத பழியும்

பெரிய நடிகர்களை நெருங்க முடியாத சிறு முதலாளிகளுக்கு ஜெய்சங்கர் ஒரு நிழல் மரம். கால்ஷீட் கேட்டால் கிடைக்கும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். அவர் நடித்த படங்களால் எத்தனையோ தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் நடித்து முடித்த பிறகு சம்பளம் முழுவதும் வந்து சேராத படங்களும் இருந்தன. முதலாளி கொடுத்த செக், பாங்கிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு. திரையில் என்றால் குதிரையைத் தட்டி விட்டிருப்பார்! நிஜத்தில் அவர் அந்த முதலாளிகளைப் பகைத்துக் கொள்ளவில்லை. படத்தை முடக்கவும் இல்லை. கஷ்டத்தில் இருப்பவனை மேலும் நெருக்குவது அவருக்குப் பிடிக்காது. இருப்பதில் ஒரு பகுதியை அநாதைக் குழந்தைகளுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் கொடுத்தார். மக்கள் கலைஞர் என்ற பட்டம் பொருத்தமாகவே அமைந்தது.

பழி வாங்கியவரே பழிக்கு இலக்கானார்

காலம் மாறியது. புதிய நாயகர்கள் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கதாநாயகனாக நின்றவருக்கு இது சோதனை. வீட்டில் அமர்ந்து பழம் பெருமை பேசலாம். அல்லது கீழே இறங்கி வேறு வேடம் ஏற்கலாம். 1980-ல் ஏவி.எம்.மின் 'முரட்டுக்காளை'யில் ரஜினிகாந்துக்கு எதிரே வில்லனாக வந்து நின்றார் ஜெய்சங்கர். அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா.

1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த 'ஊமை விழிக'ளில் பத்திரிகை ஆசிரியராக நடித்தார். 1989-ல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' இன்னும் விசேஷமானது. தந்தையைக் கொன்ற நால்வரை மகன் தேடித் தேடிப் பழி தீர்க்கும் கதை. அந்த நால்வரில் ஒருவர் ஜெய்சங்கர்! 'கங்கா'வில் தந்தைக்காகப் பழி வாங்கிய அதே மனிதர், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மகனின் பழிக்கு இலக்காக நடித்தார். தம்முடைய பழைய கிரீடத்தை நினைத்து அவர் தயங்கவில்லை. வேடம் எதுவானாலும் வேலை வேலைதான்.

2000-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி மாரடைப்பால் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

டூரிங் டாக்கீஸ்கள் மறைந்து விட்டன. அந்தக் குதிரைப் படங்களில் குறை சொல்ல இன்றைக்கும் இடமுண்டு. ஆனால் கேலி பேசியவர்களிடமும் பாக்கி வைத்தவர்களிடமும் கணக்குத் தீர்க்காமலே ஒரு மனிதர் வாழ்ந்து முடித்தார். பழி தீர்க்கும் வீரனாக அவரைக் கண்டு கை தட்டிய ஜனங்கள், பழியை மறந்த மனிதராகவும் அவரை நினைவில் வைத்திருப்பது நியாயம்.