அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்

இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள நெல்லூர்ப் பகுதி, முற்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே புதூர் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பிறந்தார். தந்தையார் ஏகாம்ர சாஸ்திரி புரோகிதத் தொழில் புரிந்தவர். 1899இல் மெட்ரிகுலேஷன் தேறிய மகன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார். பிற்காலத்தில் மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் தந்தையின் பெயரால் ஏகாம்ர நிவாஸ் என்று பெயர்.

1929இல் அவர் சென்னை மாகாண அரசின் தலைமை வழக்கறிஞரானார். அட்வகேட் ஜெனரல் என்று வழங்கப்படும் பதவி இது. அரசின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசின் சார்பில் வாதிடுபவர் இவரே. ஆனால் வாதிடுவது பாதிப் பணிதான். அரசு ஒரு சட்டம் இயற்றவோ ஆணை பிறப்பிக்கவோ எண்ணும்போது, அது செல்லுமா, செல்லாதா என்று அறிவுரை கூறுவதும் அவர் கடமை. செல்லாது என்று கூறவேண்டிய நாளும் வரும். தம்மைப் பதவியில் அமர்த்திய அரசிடமே அதைச் சொல்வது எளிதன்று.

இப்பொறுப்பை அல்லாடி 1944 வரை வகித்தார். இடையில் நீதிக்கட்சி ஆட்சி செய்தது. 1937இல் இராஜாஜி தலைமையில் காங்கிரசு ஆட்சிக்கு வந்தது. 1939இல் அவ்வமைச்சரவை பதவி விலகியபின் ஆளுநரே நேரடியாக ஆண்டார். தலைமை வழக்கறிஞர் மட்டும் மாறவில்லை. ஆட்சி மாறினால் இப்பதவியில் இருப்பவரும் மாறுவதே இன்று பெரும்பாலும் வழக்கம்.

எனினும் அன்றைய அரசு ஆங்கிலேயருடையது. இதே பதவியில் முன்னர் இருந்த எஸ். சீனிவாச ஐயங்கார் 1920இல் அதைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். அல்லாடியோ பதவியில் நீடித்தார். 1932இல் சர் பட்டமும் பெற்றார். இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆயினும் விடுதலை பெறும் நாடு தனக்கெனச் சட்டம் வகுக்க முற்பட்டபோது, அவரது அறிவு அதற்குத் தேவைப்பட்டது.

1947 ஆகஸ்டு 29 அன்று அரசியலமைப்பு வரைவுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அம்பேத்கர் உட்பட எழுவர் கொண்ட அக்குழுவில் அல்லாடியும் ஒருவர். அக்குழு வரைந்த அரசியலமைப்பின் 165ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு தலைமை வழக்கறிஞரை ஆளுநர் அமர்த்தவேண்டும் என்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாவதற்குரிய தகுதி அவருக்கு இருத்தல் வேண்டும். 177ஆம் பிரிவின்படி அவர் சட்டமன்றத்தில் பேசலாம், வாக்களிக்க இயலாது. பதினைந்து ஆண்டுகள் அந்நாற்காலியில் அமர்ந்திருந்தவர், அந்நாற்காலிக்குரிய விதியை வகுக்கும் இடத்திலும் இருந்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தோ கல்வியோ உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. புதிய அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் அதை வழங்கியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே! அத்தகைய நாட்டில் இம்முடிவை எடுத்ததைப் பலர் அஞ்சினர். 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அல்லாடி, எளிய மனிதரிடம் நம்பிக்கை வைத்து அம்முடிவை ஆதரித்தார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவாகி, அவர் பிறந்த மண் சென்னையிலிருந்து பிரிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் மறைந்தார். அவருடைய மகன் அல்லாடி குப்புசாமி, பின்னாளில் ஐதராபாத்தில் மூசி ஆற்றங்கரையில் உள்ள உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக அமர்ந்தார்.