பெற்றோர் சம்மதமும் ருக்மாபாயின் மறுப்பும்

பொருளியல் கற்பித்தவனுக்கு எந்தச் சட்டத்தைப் படித்தாலும் ஒப்பந்தம் என்ற சொல்லே முதலில் கண்ணில் படும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. மைனர் பருவம் பொதுவாக 18 வயதில் முடிகிறது என்று 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஆனால் திருமணம், மணவிலக்கு, தத்தெடுப்பு ஆகியவற்றுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. ஒரு குழி நிலத்தை விற்க இயலாத சிறுமியை, பெரியவர்களின் சம்மதம் ஒன்றே வாழ்நாள் முழுதும் பிணைத்துவிடலாம் என்பதே அதன் விளைவு. அந்த முரணை நீதிமன்றத்தில் நின்று எதிர்கொண்டவர் ருக்மாபாய்.

1864இல் பம்பாயில் பிறந்த அவரை 11ஆம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணமுடித்து வைத்தனர். அவரோ தாயுடனும், மருத்துவரான மாற்றாந்தந்தை சகாராம் அர்ஜுனுடனும் தங்கிப் படித்து வந்தார். 1884இல் கணவர் தம்முடன் வாழ வருமாறு வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், தம் சம்மதமின்றி நடந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார் ருக்மாபாய். 1885இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல், கணவருடன் வாழ வேண்டும், மறுத்தால் ஆறு மாதச் சிறை என்றானது. சிறைக்குச் செல்லவும் அவர் ஆயத்தமானார். திலகரின் ஏடுகள் அவரைக் கடுமையாகச் சாடின. 1888இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு கணவர் விலகினார். இலண்டனில் மருத்துவம் பயின்று 1894இல் தேறிய ருக்மாபாய், சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்கு மருத்துவம் பார்த்து, 1955இல் மறைந்தார்.

அவர் வழக்காடிய அதே காலத்தில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் காரைக்காலில் இன்னொரு வழி திறந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, பரம்பரை வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். அச்சட்டத்தில் மைனரின் மணத்துக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. ஆனால் மணமக்களின் சம்மதம் இல்லையேல் திருமணமே இல்லை. பெற்றோரின் இசைவு பிள்ளையின் இசைவுக்குக் காவலாக நின்றது. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மணப்பெண்ணுக்கு 15 வயதே போதும் என்றிருந்தது அச்சட்டத்தின் குறை. எனினும் ருக்மாபாய் கேட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அவர் வாதத்தைப் பாதியளவு ஏற்றிருக்கிறது. சிறுவயதில் மணமுடிக்கப்பட்ட பெண், 18 நிரம்பி இரண்டு ஆண்டு முடிவதற்குள் அதை ரத்துசெய்யுமாறு மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நாடாவிடில் அந்த மணம் பொதுவாகச் செல்லுபடியாகிவிடும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதை கோட்டுச்சேரியிலேயே அறிந்தவர் சிலர்தாம்.

பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா 2021இல் மக்களவைக்கு வந்து, பின்னர் காலாவதியானது. வயது எதுவாயினும், மறுக்கும் உரிமை தனக்குண்டு என்பதை அறியாத பெண்ணுக்கு அந்த எண்ணால் பயனில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்ற செய்தியைப் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே சேர்ப்பது, வயது வரம்பு குறித்த விவாதத்தைவிட அவசரமானது.