செக்குவோயா

செக்குவோயா (அண்ணளவாக 1770 – ஆகஸ்ட் 1843) வட அமெரிக்கத் தொல்குடிகளுள் ஒன்றான செரோக்கீ மக்களின் மொழிக்கு எழுத்து முறையை உருவாக்கியவர். ஜார்ஜ் கிஸ்ட், ஜார்ஜ் கெஸ் ஆகிய ஆங்கிலப் பெயர்களாலும் இவர் அறியப்படுகின்றார். தொழிலால் இவர் வெள்ளிக் கொல்லரும் இரும்புக் கொல்லரும் ஆவார். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத இவர், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் முயன்று 1821 ஆம் ஆண்டில் தமது எழுத்து முறையை நிறைவு செய்தார். எழுத்தறிவற்ற ஒருவர் தனியொருவராக நின்று ஒரு மொழிக்கு எழுத்தமைத்துக் கொடுத்தது உலக வரலாற்றில் மிக அரிதான நிகழ்வாகும்.

பெரும்பாலான நூல்கள் எழுத்தை உருவாக்கியவர் என்ற அளவிலேயே இவரைக் குறிப்பிடுகின்றன. ஆயினும், பிளவுபட்டு நின்ற செரோக்கீகளை 1839 ஆம் ஆண்டு நடைபெற்ற மக்கள் கூட்டத்தில் ஒன்றிணைத்ததில் இவருக்கு இருந்த பங்கும் குறைவாக மதிக்கத்தக்கதன்று.

பிறப்பும் குடும்பமும்

செக்குவோயா இன்றைய டென்னசி மாநிலத்தில், லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் இருந்த டஸ்கீகி என்னும் செரோக்கீ ஊரில் பிறந்தார். அலபாமா மாநிலத்தில் இதே பெயரில் உள்ள நகரம் வேறாகும். இவர் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. 1760களில் இருந்து 1778 வரை பல ஆண்டுகள் கூறப்படுகின்றன. பிறந்த ஊர் இருந்த நிலப்பகுதி, 1979 இல் கட்டி முடிக்கப்பட்ட டெலிக்கோ அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. அதன் அருகே வோனோர் என்னும் ஊரில் இவரது பெயரில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

இவரது தாயார் வுட்டே என்பவர். செரோக்கீகளிடையே குலம் தாய்வழியாகவே கணிக்கப்படும். எனவே தந்தை யாராக இருப்பினும், தாயின் குலத்தைச் சேர்ந்த முழுமையான செரோக்கீயாகவே செக்குவோயா வளர்ந்தார். தந்தை வர்ஜீனியாவைச் சேர்ந்த நத்தானியேல் கிஸ்ட் என்னும் வெள்ளையர் என்று பரவலாகக் கூறப்படினும், இதனை ஏற்காத ஆய்வாளர்களும் உளர். இவர் ஒரு கால் ஊனமுற்றவர். அது பிறவியில் வந்ததா, நோயினாலா, காயத்தினாலா என்பது பற்றி ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் உள்ளன.

பட்டறைத் தொழில்

வேட்டைக்கும் நெடுந்தூர நடைக்கும் கால் ஒத்துழைக்காத நிலையில் செக்குவோயா கைத்தொழிலை நாடினார். வெள்ளி நாணயங்களை உருக்கியும் தட்டியும் அணிகலன்கள் செய்யக் கற்றார். பின்னர் இரும்பு வேலையும் பழகினார். துருத்தி முதலிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார் எனக் கூறப்படுகின்றது. தாம் செய்த பொருள்களில் பெயர் பொறிக்குமாறு வாடிக்கையாளர் ஒருவர் கூறியதை அடுத்து, பின்னாளில் சிறிது காலம் செரோக்கீகளின் முதன்மைத் தலைவராக இருந்த சார்லஸ் ஹிக்சிடம் சென்றார் என்றும், அவர் எழுதிக்கொடுத்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை அப்படியே பார்த்து வெள்ளியில் வெட்டினார் என்றும் செய்தி உண்டு. எழுத்துகளின் ஒலியை அறியாமல் வடிவத்தை மட்டும் பொறித்த இந்நிகழ்வு, அவரது பிற்கால முயற்சிக்கு ஒரு முன்னோடியாகத் தோன்றுகின்றது.

பட்டறையில் கடன் கணக்கை வைத்துக்கொள்ளவும் இவர் ஒரு வழி கண்டிருந்தார். கடன் பெற்றவரின் உருவத்தை வரைந்து, அதன் அருகே தொகையைக் குறிக்கும் கோடுகளையும் வட்டங்களையும் இடுவார். ஊரார் அனைவரையும் முகமறிந்த சிறு வணிகருக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் உருவம் ஆளைக் காட்டுமே அன்றி அவர் சொன்ன சொல்லைக் காட்டாது.

பின்னர் இவர் இன்றைய அலபாமா மாநிலத்தின் போர்ட் பெய்ன் நகருக்கு அண்மையில் இருந்த வில்ஸ்டவுன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1813–1814 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற கிரீக் போரில், ஆண்ட்ரூ ஜாக்சனின் பக்கம் போரிட்ட செரோக்கீ படைப்பிரிவில் பணியாற்றினார். வெள்ளைப் படைவீரர்கள் வீட்டுக்கு மடல் எழுதவும் கட்டளைகளைப் படிக்கவும் முடிந்ததையும், செரோக்கீ வீரர்களால் அவ்வாறு இயலாததையும் அங்கு அவர் கண்டிருக்க வேண்டும். 1815 இல் சாலி என்பவரை மணந்தார்.

எழுத்து உருவான விதம்

எழுத்து முயற்சி 1809 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. வெள்ளையர் தாளில் இட்ட குறிகளைக் கொண்டு தொலைவில் உள்ளவருடன் பேசுவது மந்திர ஆற்றல் என்று நண்பர்கள் கருதினர். அது வெறும் பழக்கமே, நம்மாலும் இயலும் என்பது செக்குவோயாவின் நிலைப்பாடு.

முதலில் இவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறியை வரைந்தார். குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றை யாராலும் நினைவில் கொள்ள இயலாது என்பதை உணர்ந்து அவ்வழியைக் கைவிட்டார். இந்தத் தோல்வியே அவரைச் சரியான வழிக்குத் திருப்பியது. பேச்சைக் கூர்ந்து கேட்டபோது, சொற்கள் எண்ணற்றவை எனினும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒலித்துண்டுகள் ஓர் அளவுக்கு உட்பட்டவை என்று கண்டுகொண்டார். அவ்வாறு பிரித்த அசைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியை அமைத்தார். அவை முதலில் 86 ஆக இருந்து பின்னர் 85 ஆயின.

இக்காலத்தில் இவர் வயலையும் தொழிலையும் கவனியாமல் மரப்பட்டைகளில் கீறிக்கொண்டிருந்ததாக ஊரார் ஏளனம் செய்தனர். சிலர் சூனியம் என அஞ்சினர். அவர் எழுதி வைத்தவற்றை மனைவியே தீயிலிட்டார் என்ற கதையும் உண்டு. பல கதைகள் இவர் மறைந்தபின் எழுதப்பட்டவை என்பதால் அவற்றை எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும்.

இம்முறையை முதலில் கற்றவர் சிறுமியான இவரது மகள் அயோக்கா ஆவார். தந்தையையும் மகளையும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காதவாறு பிரித்து நிறுத்தி, ஒருவரிடம் சொன்ன செய்தியை எழுதச் செய்து மற்றவரைப் படிக்கச் செய்து ஊர்த் தலைவர்கள் சோதித்தனர். ஐயுற்றவர்களின் முன்னிலையில் இச்சோதனை வெற்றி பெற்ற பின்னரே எழுத்து ஏற்கப்பட்டது. ஆர்க்கன்சா பகுதியில் வாழ்ந்த செரோக்கீகள் எழுதிய மடல் ஒன்றை முத்திரையிட்டுக் கொண்டுவந்து கிழக்கில் இருந்தோர் முன் படித்துக்காட்டியமையும் மக்களின் நம்பிக்கையைப் பெற உதவியது.

எழுத்தின் அமைப்பு

தமிழில் க, கா, கி, கீ ஆகிய உயிர்மெய் எழுத்துகள் ஒரே அடிப்படை வடிவத்தில் இருந்து பிறப்பவை. செரோக்கீ எழுத்தில் அவ்வாறன்று. ஒரே மெய்யொலியைக் கொண்ட அசைகளின் குறிகள் தம்முள் எவ்வித உருவ ஒற்றுமையும் இல்லாதவை. ஆறு உயிரொலிகளுக்கும் தனிக் குறிகள் உண்டு. அவற்றுள் ஒன்று மூக்கொலி. மெய்யொலி தனித்து நிற்கும் குறி ஒன்றே ஒன்றுதான். அது 'ஸ்' ஒலியைக் குறிக்கின்றது.

சில குறிகள் இலத்தீன் எழுத்துகளை ஒத்திருப்பினும் ஒலிப்பில் அவற்றோடு தொடர்பற்றவை. ஆங்கில டி எழுத்தைப் போன்ற குறி 'அ' என்றும், ஆர் எழுத்தைப் போன்றது 'எ' என்றும், டபிள்யூ எழுத்தைப் போன்றது 'ல' என்றும் ஒலிக்கப்படும். இன்று அச்சில் காணப்படும் வடிவங்கள் செக்குவோயா கையால் எழுதிய வடிவங்களில் இருந்து பெரிதும் மாறுபட்டவை. இவர் எண்களுக்கும் தனிக் குறிகள் அமைத்தார். அவற்றைச் செரோக்கீகள் ஏற்றுக்கொள்ளவில்லை.

பரவல்

இவ்வெழுத்தைப் பரப்பப் பள்ளிகள் எவையும் தேவைப்படவில்லை. செரோக்கீ பேசத் தெரிந்தவர் குறிகளை மனனம் செய்தாலே படிக்க இயலும் என்பதால், சில வாரங்களிலேயே பலர் கற்றனர். கற்றவர் அடுத்த வீட்டாருக்குக் கற்பித்தார். செரோக்கீகளுக்கு இலத்தீன் எழுத்தே பொருத்தம் எனக் கருதிய கிறித்தவ ஊழியர்களும் மக்களின் விருப்பத்துக்கு இணங்க நேர்ந்தது. 1824 இல் செரோக்கீப் பொதுப்பேரவை இவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. வெள்ளி வேலை செய்தவருக்கு வெள்ளியிலேயே சிறப்புச் செய்யப்பட்டது எனலாம். அப்பதக்கம் பிற்பாடு ஜான் ராஸ் மூலம் இவருக்கு அனுப்பப்பட்டது.

ஊழியர் சாமுவேல் உர்செஸ்டரின் முயற்சியால் பாஸ்டன் நகரில் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1828 பெப்ரவரி 21 அன்று ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவில் இருந்து, எலையாஸ் பூடினோவை ஆசிரியராகக் கொண்டு 'செரோக்கீ பீனிக்ஸ்' இதழ் வெளிவந்தது. அமெரிக்கத் தொல்குடியினர் நடத்திய முதல் செய்தித்தாள் இதுவாகும். தேவாலயங்கள் மறைநூலை இவ்வெழுத்தில் அச்சிட்டன. அதேவேளை செரோக்கீ மருத்துவர்கள் தம் மந்திரங்களையும் மருந்து முறைகளையும் இதே எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். அக்குறிப்பேடுகள் பலவற்றை 1880களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் மூனி வட கரொலைனாவில் திரட்டினார்.

மேற்கு நோக்கி

செக்குவோயா 1820களிலேயே ஆர்க்கன்சா பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1828 இல் மேற்குச் செரோக்கீகளின் தூதுக்குழுவில் ஒருவராக வாசிங்டன் சென்றார். அங்கு சார்லஸ் பேர்ட் கிங் வரைந்த இவரது ஓவியம் 1865 இல் சிமித்சோனியன் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. தலைப்பாகையும் பதக்கமும் அணிந்து எழுத்துப் பலகையைக் காட்டும் இன்றைய படங்கள் அதன் அச்சுப் பிரதியை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வாண்டு உடன்படிக்கையின்படி மேற்குச் செரோக்கீகள் ஆர்க்கன்சா நிலத்தைக் கொடுத்து இன்றைய ஒக்லகோமாவில் நிலம் பெற்றனர். செக்குவோயா 1829 இல் சல்லிசா நகருக்கு அருகில் தம் கையால் மரக்கட்டை வீடு ஒன்றைக் கட்டினார். அப்பகுதியில் பயிரிட்டும் உப்புக் காய்ச்சியும் வாழ்ந்தார்.

1839 ஆம் ஆண்டுக் கூட்டம்

கிழக்கில் எஞ்சியிருந்த செரோக்கீகளின் நிலத்தை ஜார்ஜியா மாநிலம் கைப்பற்ற முனைந்தது. 1830 இல் தொல்குடியினரை அகற்றும் சட்டம் இயற்றப்பட்டது. 1835 டிசம்பரில் பெரும்பான்மையினரின் ஒப்புதல் இன்றிச் சிறு குழுவினர் நியூ எக்கோட்டா உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 1838–1839 இல் ஏறத்தாழ 16,000 பேர் மேற்கு நோக்கி விரட்டப்பட்டனர். சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படும் இப்பெயர்வு கண்ணீர்த் தடம் எனப்படுகின்றது.

வந்து சேர்ந்தவர்களுக்கு மேற்கிலும் அமைதி கிட்டவில்லை. அங்கு முன்னரே குடியேறியிருந்தோர் தமக்கெனத் தனி அரசும் சட்டமும் கொண்டிருந்தனர். எண்ணிக்கையில் மிகுந்த புதியவர்கள் தம் அரசைத் தொடர விரும்பினர். 1839 ஜூனில் டக்கடோக்காவில் கூடிய பேரவை உடன்பாடின்றிக் கலைந்தது. ஜூன் 22 அன்று, உடன்படிக்கையில் கையொப்பமிட்ட மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், எலையாஸ் பூடினோ ஆகியோர் கொல்லப்பட்டனர். செரோக்கீ எழுத்தில் முதல் இதழை நடத்தியவர் செரோக்கீகளின் கையாலேயே மாண்டார். உள்நாட்டுப் போர் மூளும் நிலை.

தலைவர்கள் கூட மறுத்த இவ்வேளையில் செக்குவோயாவும், கிழக்கில் இருந்து வந்த சமய போதகர் ஜெசி புஷ்ஷிஹெட்டும் பொதுமக்களை நேரடியாக அழைத்தனர். ஜூலை 1 அன்று இல்லினாய் முகாம் திடலில் மக்கள் கூட்டம் தொடங்கியது. மேற்குச் செரோக்கீகளின் தலைவர்கள் பலர் வராமலே இருந்துவிட்டனர். அவர்களை வருமாறு செக்குவோயா மடல் மூலம் வேண்டினார். இரு தரப்பும் ஒரே அரசாவதாக அறிவிக்கும் ஒன்றிணைப்புச் சட்டம் ஜூலை 12 அன்று நிறைவேறியது. கிழக்கின் சார்பில் ஜார்ஜ் லோரியும் மேற்கின் சார்பில் செக்குவோயாவும் அதில் ஒப்பமிட்டனர். செப்டம்பர் 6 அன்று டாலகுவாவில் புதிய அரசியல் யாப்பு ஏற்கப்பட்டது.

இதனால் பகை உடனே தீர்ந்துவிட்டதெனக் கூற இயலாது. கொலைகள் தொடர்ந்தன; 1846 உடன்படிக்கை வரை முழு அமைதி ஏற்படவில்லை. எனினும் இரு தரப்பினரும் நம்பத்தக்க ஒருவராகச் செக்குவோயா இருந்திராவிடின் கூட்டமே நடந்திருக்குமா என்பது ஐயமே. அவர் செல்வர் அல்லர். இரு தரப்பினரும் அவரது எழுத்தில் மடல் எழுதினர் என்பதே அவருக்கு இருந்த செல்வாக்கு.

இறுதிப் பயணம்

1839 இல் டெக்சாசில் இருந்து விரட்டப்பட்ட செரோக்கீகளில் ஒரு பகுதியினர் மெக்சிகோவுக்குச் சென்றிருந்தனர். அவர்களைக் கண்டு உறவு கொள்வதற்காக 1842 இல், முதிய வயதில், மகன் டீசி உள்ளிட்ட சிலருடன் செக்குவோயா புறப்பட்டார். வழியில் குதிரைகள் களவு போயின. நோயுற்ற அவரை ஒரு குகையில் தங்கவைத்துவிட்டு உடன்சென்றோர் உதவி தேடிச் செல்ல நேர்ந்தது. அவர் தேடிச் சென்ற மக்களை அடைந்த போதிலும், 1843 ஆகஸ்டில் மெக்சிகோவின் சான் பெர்னாண்டோவுக்கு அருகில் காலமானார். செய்தி தாயகத்தில் உறுதியாக இரண்டு ஆண்டுகள் ஆயின. அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுவரை கண்டறியப்படவில்லை. செரோக்கீ அரசு இவருக்கு அளித்துவந்த ஓய்வூதியம் இவருக்குப்பின் மனைவி சாலிக்கு வழங்கப்பட்டது.

நினைவுகள்

1905 இல் தொல்குடியினர் தமக்கெனக் கோரிய தனி மாநிலத்துக்குச் செக்குவோயா என்றே பெயரிட்டனர். அமெரிக்கப் பேரவை அதனை ஏற்கவில்லை. 1907 இல் அப்பகுதி ஒக்லகோமா மாநிலத்தின் பகுதியாயிற்று. 1917 இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இவரது சிலை நிறுவப்பட்டது. கலிபோர்னியாவின் மாபெரும் செக்குவோயா மரங்களின் பெயர் இவரைக் குறித்தது என்பது பரவலான நம்பிக்கை. 1847 இல் அப்பெயரிட்ட எண்ட்லிச்சர் காரணம் எதையும் எழுதி வைக்காததால் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. 1999 இல் வெளியான ஒருங்குறி 3.0 பதிப்பில் செரோக்கீ எழுத்து சேர்க்கப்பட்டது.

யாப்பு ஏற்கப்பட்ட செப்டம்பர் 6 ஆம் நாளின் நினைவாக 1953 முதல் டாலகுவாவில் செரோக்கீ தேசிய விழா நடத்தப்படுகின்றது. செரோக்கீ தேசத்தின் குடிமக்கள் தொகை 2023 அளவில் நாலரை இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் பலர் ஒக்லகோமாவுக்கு வெளியே வாழ்கின்றனர். அவர்களுக்காகச் செரோக்கீ அரசு பிற மாநில நகரங்களில் சமூகக் கூடல்களை நடத்துகின்றது. சிறுதொழில் செய்யும் குடிமக்களுக்குப் பயிற்சியும் கடனுதவியும் வழங்குகின்றது. கூட்டாக உழைத்து ஒருவருக்கொருவர் உதவும் மரபு செரோக்கீ மொழியில் கடுகி எனப்படும்.

சல்லிசாவுக்கு அருகில் செக்குவோயா கட்டிய ஓரறை வீடு, 1930களில் எழுப்பப்பட்ட கற்கட்டடம் ஒன்றினுள் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1965 இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2016 இல் ஒக்லகோமா வரலாற்றுக் கழகத்திடம் இருந்து செரோக்கீ தேசம் அதனை வாங்கியது.