செயின் வண்டியின் பல் ஏன் தேய்கிறது? பெஞ்சமின் ஹோல்ட்டின் கதை

பைக்கில் செயின் போய்ட்டா, நல்ல மெக்கானிக் செயினை மட்டும் மாற்றித் தர மாட்டார். முன்னும் பின்னும் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து செட்டாக மாற்றச் சொல்வார். டிவிஎஸ் பைக்குகள் தயாராகும் ஓசூரில் இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கம் டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்படும் புல்டோசருக்கும், கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் ஓடும் பொக்லைனுக்கும் இதே விதிதான். ஆனால், அங்கே செலவு லட்சங்களில் போகும். இந்தத் தேய்மானத்தோடு 100 வருஷத்துக்கு முன்பே மல்லுக்கட்டியவர் பெஞ்சமின் ஹோல்ட்.

யார் இவர்?

1849 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர் ஹோல்ட். குடும்பத்துக்கு மரத் தொழில். 1883-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்கு வந்து, அண்ணன் தம்பிகளோடு வண்டிச் சக்கரம் செய்யும் கம்பெனியில் இறங்கினார். 1886-ல் அறுவடை இயந்திரம், 1890-ல் நீராவி டிராக்டர் என அடுத்தடுத்து வளர்ந்தார். அறுவடை இயந்திரத்திலேயே பல்சக்கரங்களுக்குப் பதிலாக செயின் போட்டுப் பார்த்தவர் அவர்.

சக்கரம் ஏன் தோற்றது?

ஸ்டாக்டனைச் சுற்றியுள்ள ஆற்றுப் படுகை நிலம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். டன் கணக்கில் எடையுள்ள டிராக்டர் அதில் அப்படியே புதைந்துவிடும். சக்கரத்தை அகலமாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் வண்டியின் மொத்த அகலமே 46 அடி ஆனது. அவ்வளவு அகலமான வண்டியை எப்படித் திருப்புவது?

1904 நவம்பர் 24-ல் ஹோல்ட் வேறு வழியை சோதித்தார். பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் பொருத்திய செயின் பட்டையை மாட்டினார். எடை பெரிய பரப்பில் பரவியதால் வண்டி புதையவில்லை. கம்பளிப்பூச்சி போல ஊர்ந்ததால் கேட்டர்பில்லர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1910-ல் அது பதிவுசெய்த வணிகப் பெயரானது.

இந்த யோசனை முழுக்க ஹோல்ட்டுடையது அல்ல. மரத்தடி இழுக்கும் செயின் வண்டிக்கு ஆல்வின் லம்பார்ட் 1901-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி நிறுவனமும் இதே பாதையில் இருந்தது. அதன் காப்புரிமைகளை ஹோல்ட் பிறகு விலைக்கு வாங்கினார். அவருடைய சாதனை, அந்த யோசனையை விவசாயி வாங்கி ஓட்டக்கூடிய வண்டியாக மாற்றியது.

பாலைவனம் என்ன சொல்லிக் கொடுத்தது?

1908 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர்க் கால்வாய் வேலைக்கு ஹோல்ட்டின் வண்டிகள் மொஹாவி பாலைவனத்துக்குப் போயின. அங்கே சேறு இல்லை, மணல். அது இணைப்புகளுக்குள் புகுந்து உப்புத்தாள் போல அரைத்தது. வார்ப்பிரும்பு கியர்கள் சீக்கிரம் தேய்ந்தன. ரிப்பேர் செலவு எகிறியதால், பல வேலைகளுக்கு மறுபடியும் கோவேறு கழுதைகளையே இறக்கினார்கள்.

ஹோல்ட் அதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார். எந்தப் பாகம் முதலில் போகிறது என்று பார்த்து, வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு என மாற்றங்களைச் செய்தார்.

உள்ளே நடப்பது என்ன?

செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்ற உறை. ஸ்ப்ராக்கெட் பல் இந்த புஷ்ஷைப் பிடித்துத்தான் இழுக்கும். மணல் பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கும்போது, இணைப்புகளுக்கு இடையிலான தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். செயின் நீண்டுபோச்சு என்று ஆபரேட்டர்கள் சொல்வது இதைத்தான். தூரம் மாறியதும் புஷ் சரியான இடத்தில் உட்காராமல் பல்லின் நுனிப் பக்கம் ஏறும். பல் கூர்மையாகும், செயின் தாவும், கடைசியில் கழன்றுவிடும்.

பழைய வண்டியில் எதைப் பார்க்கணும்?

• தொய்வு: ரொம்ப லூசாக இருந்தால் திரும்பும்போது செயின் கழலும். ரொம்ப டைட்டாக இருந்தால் பின், புஷ், பல் எல்லாமே வேகமாகத் தேயும்.

• பல்லின் வடிவம்: நுனி கூர்மையாகவோ, கொக்கி போலவோ இருந்தால் ஸ்ப்ராக்கெட்டின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

• பல்லின் பக்கவாட்டுத் தேய்மானம்: பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், செயின் நேர்கோட்டில் ஓடவில்லை. ஃபிரேமையும் முன்பக்க ஐட்லர் சக்கரத்தையும் பாருங்கள்.

• புஷ்: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பின்னையும் புஷ்ஷையும் 180 டிகிரி திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். வெடிப்பு விட்டிருந்தால் முடியாது.

• புது செயின், பழைய பல்: இந்தக் கூட்டணி வேண்டாம். தேய்ந்த பல் புது புஷ்ஷை சீக்கிரமே தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில பழைய வண்டிகளில் டென்ஷனை ஸ்க்ரூ வைத்து மாற்றலாம். கிரீஸ் சிலிண்டர் உள்ள வண்டியில் வால்வுக்கு நேராக முகத்தைக் காட்டக் கூடாது. முழுக்கக் கழற்றவும் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கிரீஸ் உடலைத் துளைக்கும்.

அப்புறம் என்ன ஆனது?

முதல் உலகப் போரில் ஹோல்ட்டின் வண்டிகள் பீரங்கிகளை இழுத்தன. பிரிட்டன் டாங்கியை யோசித்ததிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. 1920 டிசம்பர் 5-ல், 71 வயதில் ஹோல்ட் இறந்தார். 1925-ல் அவரது கம்பெனி, போட்டியாளரான பெஸ்ட் கம்பெனியுடன் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனியானது. ஹோல்ட் அதைப் பார்க்கவில்லை.

ஓசூருக்குப் பக்கத்து மாநிலத்தில், கோலார் தங்கவயலில் பெமல் நிறுவனம் புல்டோசர்களைத் தயாரிக்கிறது. அவையும் இதே பின், புஷ், ஸ்ப்ராக்கெட்டில்தான் ஊர்கின்றன. உலோகம் மாறியிருக்கிறது, சீல் வந்திருக்கிறது. ஆனால் மணலும் தேய்மானமும் போகவில்லை. அதனால் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன், ஒரு நிமிஷம் குனிந்து அந்தப் பல்லைப் பார்ப்பது நல்லது.