அனந்த் பை

அனந்த் பை (செப்டம்பர் 17, 1929 - பெப்ரவரி 24, 2011) இந்தியச் சித்திரக்கதை எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் ஆவார். அமர் சித்திர கதா என்னும் சித்திரக்கதை வரிசையையும் டிங்கிள் என்னும் சிறுவர் இதழையும் தோற்றுவித்தவர். சிறுவர்கள் இவரை அங்கிள் பை என்று அழைத்தனர்.

இளமை

கர்நாடகத்தின் கார்கள என்னும் ஊரில் பிறந்தார். இரண்டு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர்களால் வளர்க்கப்பட்டார். பன்னிரண்டாம் வயதில் மும்பை சென்று, அங்கு வேதித் தொழில்நுட்பம் பயின்றார். எனினும் இவரது நாட்டம் பதிப்புத்துறையிலேயே இருந்தது. 1954இல் மானவ் என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. பின்னர் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தில் சேர்ந்து, 1964இல் தொடங்கப்பட்ட இந்திரஜால் காமிக்ஸ் வெளியீட்டில் பங்காற்றினார். தமிழ் வாசகர்கள் மாயாவி என அறிந்த முகமூடி வீரனின் கதைகள் அதில் வெளிவந்தன.

அமர் சித்திர கதா

1967இல் தில்லியில் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றைக் காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. அதில் பங்கேற்ற மாணவர்கள் கிரேக்கத் தொன்மம் பற்றிய வினாவுக்கு விடையளித்தனர். இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கு அவர்களால் விடையளிக்க இயலவில்லை. இந்தியக் கதைகளைப் படங்களுடன் சிறுவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது.

இந்தியா புக் ஹவுஸ் நிறுவனம் இவரது திட்டத்தை ஏற்றது. வரிசையின் முதல் பத்து இதழ்கள் மேலைநாட்டுக் கதைகளாக இருந்தமையால், இவர் எழுதி ராம் வாயிர்கர் வரைந்த கிருஷ்ணா பதினொன்றாம் இதழாக வெளிவந்தது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாக இருந்தது. சித்திரக்கதை படிப்பைக் கெடுக்கும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கருதிய காலம் அது. இவர் பள்ளிகளை அணுகி அக்கருத்தை மாற்ற முயன்றார். நாளடைவில் இவ்வரிசை தமிழ் உட்படப் பல மொழிகளில் கோடிக்கணக்கில் விற்பனையானது.

டிங்கிள்

1980இல் டிங்கிள் இதழைத் தொடங்கினார். அதன் புகழ்பெற்ற பாத்திரமான சுப்பாண்டி தமிழ் நாட்டுப்புறக் கதைகளிலிருந்து உருவானது. இவ்விதழின் கதைகள் வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களைச் சென்றடைந்தன.

விமர்சனம்

அசுரர்களைக் கருநிறத்தில் வரைந்தமை, பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் சிறுபான்மையினரையும் சித்திரித்த விதம், உயர்சாதியினரின் பார்வையை இந்தியப் பண்பாடாக முன்வைத்தமை ஆகியவற்றுக்காக ஆய்வாளர்கள் அமர் சித்திர கதாவை விமர்சித்துள்ளனர். ஒரு தலைமுறையினரின் தொன்ம, வரலாற்று அறிவு இந்நூல்களிலிருந்தே அமைந்ததால் இவ்விமர்சனம் முக்கியத்துவம் பெறுகிறது.

மறைவு

2011 பெப்ரவரியில் தில்லியில் நடைபெற்ற முதலாவது இந்தியக் காமிக் கான் விழாவில் இவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. அதற்குச் சில நாட்களில், பெப்ரவரி 24 அன்று, மும்பையில் மாரடைப்பால் காலமானார்.