பண்டாரவன்னியன்

இன்று அரநாயக்க எனப்படும் மலைச்சாரல், 1803ஆம் ஆண்டிலே கண்டியரசின் நாற்கோறளைக்குள் அடங்கியிருந்தது. அவ்வாண்டு கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், யூன் மாதத்தில் அங்கு நிறுத்திய காவற்படையை இழந்தனர். அப்போரின் மற்றொரு முனை வடக்கே வன்னியில் எழுந்தது. அதன் தலைவர் வரலாற்றை, மலைநாட்டில் வாழும் எம் கல்லூரி மாணவர்க்காக ஈண்டுக் கூறுவாம்.

வன்னியை 1782இல் ஒல்லாந்தர் வென்றனர். 1796இல் அது ஆங்கிலேயர் கைப்பட்டது. பரம்பரையுரிமை இழந்த வன்னியர் குடியில் வந்த பண்டாரவன்னியன் அதற்கு இசையாது, கண்டியரோடு கூடினார். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் காவலரணைத் தாக்கினார். கப்டன் வொன் ட்றிபேர்க்கும் அவர் படையினரும் தோணியேறி யாழ்ப்பாணம் சென்று உயிர் பிழைத்தனர்.

கடற்கரையோரத்து அரணொன்று காட்டுத் தலைவரொருவரிடம் வீழ்ந்ததை ஆங்கிலேயர் பொறுப்பரோ? யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முத்திசையினின்றும் படைகள் ஏவப்பட்டன. ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானுக்கு அணித்தான கற்சிலைமடுவில், அதே ட்றிபேர்க் அவரை எதிர்பாராது தாக்கி முறியடித்தார். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது செவிவழிக் கதை. மும்முனைப் படையெடுப்பே தோல்விக்குப் போதிய காரணமென்பது எம் கருத்து.

அந்நாளையே அவர் வீழ்ந்த நாளாகப் பலர் நினைவுகூர்கின்றனர். ஆயின் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், அவர் அவ்விடத்தே தோற்கடிக்கப்பட்டார் என்று மட்டுமே கூறிற்று. கொல்லப்பட்டார் என்று கூறவில்லை. வென்றவரே உரிமை கொண்டாடாத மரணத்தை நாம் அவர்க்கு ஏற்றிவிட்டோம். உண்மையில் அவர் தப்பிச்சென்று, பின்னரும் வன்னியில் ஆட்சியாளர்க்கு இடர் விளைத்துவந்தார்.