நேட்டால் கண்ட பத்திரிகையாளர் பி. எஸ். ஐயர்

கொழும்பு மாநகரிலே பத்திரிகை நடத்தி, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் துயரை உலகறியச் செய்த கோ. நடேசையரை நம்மவர் நன்கறிவர். அவருக்கு ஏறக்குறையக் கால் நூற்றாண்டு முன்னரே, தென்னாபிரிக்காவில் அவ்வழி நடந்த தமிழர் ஒருவர் உளர். அவரே பி. எஸ். ஐயர்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் தேதி, சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னுங் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த இவ்வேழை மக்கள், தம் குறையைத் தம் மொழியிற் சொல்ல வாயற்றிருந்தனர்.

அந்நாட்டிற் குடிபுகுந்த ஐயர், 1898இல் ‘இந்தியன் வேர்ல்டு’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. 1901இல் மற்றொன்று தொடங்கினார். அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. ஆயினும் அவர் ஊக்கங் குன்றினாரல்லர். காந்தியடிகளின் ‘இந்தியன் ஒப்பினியன்’ 1906இல் தன் தமிழ்ப் பகுதியை நிறுத்திவிட்டிருந்தது. அக்குறை தீர, 1908இல் டர்பனில் ‘ஆபிரிக்கன் குரோனிக்கிள்’ என்னும் வார இதழை ஆங்கிலத்திலும் தமிழிலுமாக ஐயர் வெளியிடலானார்.

அவ்விதழ் தலையாயதெனக் கொண்ட பொருள் 3 பவுண் வரியாகும். ஒப்பந்தங் கழிந்தபின் தாயகந் திரும்பாது, மீண்டும் ஒப்பந்தத்திலும் சேராது அங்கேயே தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுண் செலுத்த வேண்டுமென 1895இற் சட்டமாயிற்று. 1903இல் அது 16 வயதடைந்த ஆண் மக்களையும் 13 வயதடைந்த பெண் மக்களையும் பற்றிக்கொண்டது. ஒப்பந்தத்தின் முதலாண்டுக் கூலியோ மாதம் 10 சிலிங். 3 பவுண் என்பது 60 சிலிங். அஃதாவது ஆறு மாத உழைப்பு. தாய் தந்தையும் வளர்ந்த மக்கள் இருவரும் உள்ள குடும்பம் 12 பவுணுக்கு எங்கே செல்லும்? மீண்டும் ஒப்பந்தத்தில் வீழ்வதே வழி. அதுவே சட்டத்தின் கருத்துமாம்.

இக்கொடுமையை ஐயர் விடாது எழுதினார்; 1911இல் வரியெதிர்ப்புச் சங்கமொன்றிலும் முன்னின்று உழைத்தார். அக்காலத்துச் சத்தியாக்கிரகம் திரான்சுவாலின் பதிவுச் சட்டத்தையே முதன்மையாய்க் கொண்டிருந்தது. நேட்டால் ஏழையின் வரி பின்தள்ளப்பட்டதென ஐயர் காந்தியடிகளையே குறை கூறினார். அவர்தம் பேனா சில வேளை அளவு கடந்து சுட்டதும் உண்டு. எனினும், 1913இல் அவ்வரி போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்றானபோதன்றோ, சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் எழுந்தனர்! 1914இல் வரி ஒழிந்தது.

வெற்றியின் புகழ் பெருந்தலைவரைச் சார்ந்தது, அது முறையே. ஐயரோ வசைபாடியவரென ஒதுக்கப்பட்டார். ஆயினும் அவர் எழுத்து ஓயவில்லை. தென்னாபிரிக்க இனப் பூசல் குறித்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1946இல் வெளிவந்தது.

தலைவரைப் பின்பற்றுவார் நாட்டுக்கு வேண்டும். அவரை இடித்துரைப்பாரும் வேண்டும். பின்னவர்க்குப் பெரும்பாலும் மாலை கிடைப்பதில்லை. மாணவ அன்பர்கள் நேட்டால் வரலாற்றைப் படிக்குங்கால், ஏழையின் 60 சிலிங்கைத் தம் இதழின் தலையாய செய்தியாக்கிய அவ்வாசிரியரையும் நினைவு கூர்வாராக.